சனிக்கிழமை பறித்த காளான்

என் கணவர் என் சமையலைக் குறை சொல்வதை நிறுத்திய பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது.

கல்யாணம் முடித்த நாளிலிருந்து இந்த மனிதர் நான் வைத்த எந்தக் கறியையும் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டதில்லை. உப்புக் காணாது, புளி கூடிவிட்டது, வெங்காயம் வதங்க முதல் தூளைக் கொட்டிவிட்டீர் என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். இங்கே கனடாவில், நகரத்துக்குள் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் அவர் சமையற்காரர். கோப்பை கழுவப் போய்ச் சேர்ந்து, வெங்காயம் வெட்டி, கடைசியில் அடுப்புக்கு முன்னால் நின்றவர். வேலை முடிந்து செயின்ட்-மிஷேலில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்து என்னைத் திருத்துவது அவருடைய இரண்டாவது வேலை. நானும் கேட்டுக்கொண்டிருக்கிற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைச் சமையலும் குசினியும் அவருடையவை. அன்றைக்கு நான் கதிரையில் கால் நீட்டி இருந்து குறை சொல்வேன். பெரும்பாலும் சொல்ல ஒன்றும் இருக்காது. அது எனக்கு இன்னும் எரிச்சல்.

பெருந்தொற்றுக் காலத்தில் அவருக்கும் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது. மூக்குக்கு மணம் மட்டும் திரும்பி வரவில்லை. வந்தாலும் வரும், வராமலும் விடும் என்றார் டாக்டர். கொஞ்ச நாள் உணவகத்துக்குப் போய்ப் பார்த்தார். கண்ணையும் காதையும் வைத்துச் சமைத்தார். ஒரு மாலை, அடுப்பில் உள்ளிப் பூண்டு கருகுவதை முழுக் குசினியும் மணந்து திரும்பிப் பார்க்க, அடுப்புக்கு முன்னால் நின்றவருக்கு மட்டும் தெரியவில்லை. அவரே ஏப்ரனைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு வீட்டுக் குசினிக்குள்ளும் அவர் கால் வைக்கவில்லை. ஜன்னலோரக் கதிரையில் இருந்து பஸ் தரிப்பையும் எதிர்ப்பக்கத்து டெப்பனர் கடையையும் பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஒரு கார்டரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை செய்கிறேன். காலையில் போகும்போது எப்படி இருந்தாரோ, பின்னேரம் வரும்போதும் அப்படியே இருப்பார். போட்டதைச் சாப்பிடுவார், கோப்பையைக் கழுவி வைப்பார், நன்றி கூடச் சொல்வார். எங்கள் வீட்டில் நன்றி சொல்கிற பழக்கம் எப்போது வந்தது?

ஒரு நாள் வேண்டுமென்றே பருப்புக்கறிக்கு உப்புப் போடாமல் விட்டேன். மணம் போனாலும் உப்பு, புளி, இனிப்பு எல்லாம் நாக்குக்குத் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவர் பருப்பைப் பிசைந்து கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. நான் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

அந்தக் கோடையில்தான் மதாம் கூப்பிட்டார். அவரும் அதே உணவகத்தில் மேசைகளுக்குப் பரிமாறி ஓய்வுபெற்றவர். பெயரை விட்டு எல்லோரும் மதாம் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். பாலம் தாண்டிப் போகிற இல்-பிசார் தீவில் அவருக்கு ஒரு பழைய வீடு இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் அவருடைய சொந்தக் காணியில் மேப்பிளும் ஓக்கும் வளர்ந்த ஒரு துண்டுக் காடு. அங்கே காளான் முளைத்திருக்கிறது, வந்து பார் என்றார். இவர் மாட்டேன் என்றார். எனக்குப் பட்டிக்காட்டுப் பயணம் ஒன்று தேவையாக இருந்தது, நான் போகப்போகிறேன் என்று சொல்லிச் சேலைக்குப் பதில் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றேன். கார் ஓட்ட ஆள் வேண்டும் அல்லவா? இவர் கார்த் திறப்பை எடுத்தார்.

உணவகத்துக்குக் காளான் கூடையில் வரும். துடைப்பது, வெட்டுவது, வாட்டுவது எல்லாம் இவருக்குக் கைவந்த வேலை. ஆனால் அது மண்ணில் எப்படி நிற்கும் என்று இவருக்குத் தெரியாது. எனக்குக் கூடையிலும் தெரியாது. நான் யாழ்ப்பாணப் பட்டினத்துக்காரி. எங்களுக்கு மண்ணிலிருந்து குடை பிடித்துக்கொண்டு வருவதெல்லாம் நாய்க்குடை. இவர் வன்னிக்காரர். இடி முழங்கிய மறுநாள் புற்றடியில் வெள்ளைக் காளான் பிடுங்கிவந்து தேங்காய்ப்பாலில் சமைத்த வீடு அவருடையது. எங்கள் கல்யாணம் பேசும்போது இந்த விஷயம் யாரும் சொல்லவில்லை.

மதாம் காட்டிய முதல் காளான் பாசியின் நடுவே மஞ்சளாக, விளிம்பு சுருண்டு நின்றது. ஷான்டரெல் என்றார். இவர் அதைப் பிடுங்கினார். பிடுங்கியதும் கை தானாக மூக்குக்குப் போனது. பாதி வழியில் நினைவு வந்து கை நின்றுவிட்டது. நான் பார்க்காத மாதிரி மரத்தைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் காளான் என் முகத்துக்கு முன்னால் வந்தது.

“என்ன மணம் எண்டு சொல்லும்.”

ஆப்ரிகொட் பழ மணம் என்று மதாம் சொல்லியிருந்தார். நான் ஆப்ரிகொட்டைக் கண்டதே காய்ந்து சுருங்கிப் பைக்குள் கிடக்கும்போதுதான். கண்ணை மூடி மணந்து பார்த்தேன். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை அரிசிப் பானைக்குள் பழுக்க வைத்துவிட்டு மறந்துபோய், பிறகு ஒரு நாள் மூடியைத் திறந்தால் வருமே, அந்த மணம், ஆனால் மெல்லியது, கொஞ்சம் மிளகும் சேர்ந்தது என்றேன். இவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். அன்றிலிருந்து நான் அவருடைய மூக்கு.

அந்த ஷான்டரெலை வீட்டுக்குக் கொண்டுவந்து மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டல் வைத்தேன். மணமும் போய்க் காளானும் போய்த் தூள் மட்டும் மிஞ்சியது. பழைய ஆள் என்றால் அந்தக் குற்றத்துக்கு என்னை ஒரு கிழமை முழுக்கச் சும்மா விட்டிருக்க மாட்டார். இந்த ஆள் சாப்பிட்டுவிட்டுக் கோப்பையைக் கழுவினார்.

ஆனால் அடுத்த சனிக்கிழமை காலையில், நான் கேட்காமலேயே சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றார். அதற்கடுத்த சனியும். மகள் லொங்குய்யில் இருக்கிறாள், அங்கேயே ஓர் அலுவலகத்தில் வேலை. அவள் ஒரு பிரம்புக்கூடை வாங்கிக் கொடுத்தாள். மதாம் தன் பழைய படப் புத்தகத்தைக் கொடுத்தார். இவர் கதிரையில் இருப்பது குறையவில்லை. ஆனால் இப்போது மடியில் புத்தகம் இருந்தது. பஸ் தரிப்பைப் பார்ப்பது குறைந்தது.

எனக்குப் பிடித்த வேலை வேறு. தெரியாத காளானை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அதன் தொப்பியை வெட்டி, மடிப்புள்ள பக்கம் கீழே இருக்கத் தாளில் வைத்துக் கிண்ணத்தால் மூடிவிட வேண்டும் என்று மதாம் சொல்லித் தந்தார். விடியும்போது மடிப்புகளுக்குள்ளிருந்து வித்துத்தூள் கொட்டித் தாளில் ஒரு படம் விழுந்திருக்கும். தூளின் நிறம் காளானுக்குக் காளான் வேறு. கபிலம், இளஞ்சிவப்பு, கறுப்பு, வெள்ளை. வெள்ளைத் தூள் வெள்ளைத் தாளில் தெரியாது என்பதால் பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாகத் தாள் ஒட்ட வேண்டும். கார்டரியில் வெட்டி ஒட்டுவதுதானே என் பிழைப்பு. எதைக் கொண்டுவந்தாலும் ஒன்றுக்குப் படம் எடுத்துவிடுவேன். காளானைத் தின்பதைவிட எனக்கு அதுதான் ஆசை. பிரிட்ஜ் கதவு முழுக்க ஒட்டி வைத்திருந்தேன்.

புரட்டாசி வந்தது. புரட்டாசிச் சனி எனக்கு விரதம். காலையில் கோயிலுக்குப் போய்ச் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் விளக்கு வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. வீட்டில் மச்சம் சமைக்கக்கூடாது. இங்கேதான் எங்கள் பழைய சண்டை. மீனும் இறைச்சியும் மச்சம் என்பதில் இருவருக்கும் சம்மதம். காளான் மரக்கறி என்பது இவர் கட்சி. மண்ணில் முளைக்கிறது, இரத்தம் இல்லை, கண் இல்லை, பிறகென்ன என்பார். காளானும் மச்சம்தான் என்பது என் கட்சி. நான் பிறந்த வீட்டில் அப்படித்தான். ஏன் என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும், ஏனென்றால் காரணம் எனக்கும் தெரியாது.

அந்தப் புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, நான் கோயிலுக்குப் போய் வந்த பிறகு காட்டுக்குப் போனோம். மதாம் தன் மகனைப் பார்க்கப் போயிருந்தார். நாங்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். முதல்நாள் மழை இடியோடு பெய்திருந்தது. நான் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். கொஞ்ச நேரத்தில் இவர் என்னைக் கூப்பிட்டார். குரலில் ஒரு துள்ளல் இருந்தது. போய்ப் பார்த்தால் ஓக் மரத்தடியில் வெள்ளைவெளேரென்று ஆறேழு காளான்கள். தொப்பியில் ஒரு புள்ளி அழுக்கில்லை. இவர் முழங்காலில் இருந்தார்.

எங்கட காளான் என்றார். வன்னியில் புற்றடியில் முளைப்பது இதுதான், இவ்வளவு தூரம் வந்து இங்கே நிற்கிறது என்றார். கழுத்தில் வளையம் மாதிரி ஏதோ தொங்குகிறதே, உங்கள் ஊரில் அதற்கும் இருந்ததா என்று கேட்டேன். நாடு மாறினால் உடுப்பும் மாறும்தானே, உம்மைப் பாரும் என்று என் காற்சட்டையைக் காட்டினார். எத்தனை மாதத்துக்குப் பிறகு இந்த மனிதர் என்னைப் பகிடி பண்ணுகிறார். நான் சிரித்துவிட்டேன். மணந்து பார்க்கச் சொன்னார். ஒரு மணமும் இல்லை, பச்சை உருளைக்கிழங்கு வெட்டின மாதிரி லேசாக இருக்கிறது என்றேன்.

பை ஒன்றை விரித்து, கத்தியை எடுத்து, ஒவ்வொன்றாக மண்ணோடு மட்டமாக வெட்டினார். தெரியாத காளானை அடியோடு கிளப்ப வேண்டும் என்று மதாம் பலமுறை சொல்லியிருந்தார். ஆனால் இது அவருக்குத் தெரிந்த காளான். போதாததற்கு அவர் குசினிக்காரர். மண்ணைப் பைக்குள் கொண்டுபோனால் எல்லாவற்றிலும் ஒட்டிச் சட்டி வரைக்கும் வரும், கடவாயில் நறநறக்கும். குசினியில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. வெட்டின இடமெல்லாம் காசு மாதிரி வட்டமாக, சுத்தமாக இருந்தது.

காரில் வரும்போது பாட்டுப் போட்டார். பாலம் தாண்டியதும், றோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“இண்டைக்கு நான் சமைக்கிறன்.”

இந்தச் சொல்லுக்காக நான் எத்தனை கோயில்படி ஏறியிருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும். வெண்ணெய் இருக்கிறதா, உள்ளி இருக்கிறதா என்று கேட்டார். நான் ஓம், ஓம் என்றேன். வீட்டு வாசற்படியில் ஏறும்போதுதான் நெற்றித் திருநீறு விரலில் பட்டு எனக்கு நினைவு வந்தது, இன்று சனி.

சொல்லாமல் விட்டிருக்கலாம். அவர் சமைக்க, நான் பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டிருக்கலாம். ஆனால் புரட்டாசிச் சனியில் என் அடுப்பில் காளான் ஏறுவதா? நாளைக்குச் சமையுங்கோ என்றேன். காளான் மரக்கறி என்றார். மச்சம் என்றேன். இத்தனை வருஷச் சண்டையை மறுபடியும் முதலிலிருந்து போட்டோம். கடைசியில் அவர் பையை அப்படியே பிரிட்ஜில் வைத்துவிட்டுக் கதிரைக்குப் போனார். அந்த முதுகைப் பார்த்ததும் எனக்கு என் மீதே ஆத்திரம் வந்தது. கடவுளே, இந்த மனிதர் நாளைக்கும் சமைக்காமல் விட்டால் நான் என்ன செய்வேன் என்று நினைத்தேன். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. பிடிவாதம்தான், வேறொன்றுமில்லை.

சமாதானம் பேசுகிற மாதிரி, உங்கள் ஊர்க் காளானுக்கும் ஒரு படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். எடும் என்றார். நன்றாக விரிந்த ஒன்றின் தொப்பியைத் தாளில் வைத்துக் கிண்ணத்தால் மூடினேன்.

காலையில் தேத்தண்ணி வைத்துவிட்டுக் கிண்ணத்தைத் தூக்கினேன். வெள்ளைத் தாளில் ஒன்றுமில்லை. கறுப்புத் தாளில் வெள்ளைக் கதிர்கள், மயிரிழை மயிரிழையாக, அவ்வளவு நேர்த்தி. இதுவரை எடுத்த எதுவும் அவ்வளவு வடிவாக விழவில்லை. வந்து பாருங்கோ என்று ஆசையோடு கூப்பிட்டேன். இவர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

“வெள்ளை,” என்றார்.

வெள்ளைதான், வடிவாக இல்லையா என்று நான் கேட்டேன். அவர் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துவந்தார். வெள்ளைத் தொப்பி, வெள்ளை மடிப்பு, கழுத்தில் வளையம், வெள்ளைத் தூள், இவை எல்லாம் ஒன்றாக வந்தால் அந்தக் காளானைத் தின்ன யோசிக்கவும் கூடாது என்று மதாம் சொல்லியிருந்தார். மற்றவை எல்லாம் நேற்றே எங்கள் கண்ணுக்கு முன்னால் இருந்தன. தூள் மட்டும்தான் இரவோடு இரவாக வந்து சேர்ந்தது. பிரெஞ்சில் அந்தக் காளானுக்கு உயிரை எடுக்கிற ஒரு தேவதையின் பெயர் வைத்திருக்கிறார்கள்.

மதாமைத் தொலைபேசியில் கூப்பிட்டோம். சாப்பிட்டீர்களா என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றேன். இன்னொரு தரம் கேட்டார். இல்லை, நேற்றுச் சனி என்றேன். அவருக்கு அது விளங்கியிருக்காது.

அன்று பின்னேரம், மதாம் மகன் வீட்டிலிருந்து திரும்பியதும், மூன்று பேரும் அந்த ஓக் மரத்தடியில் நின்றோம். வெட்டிய இடங்கள் அப்படியே வட்டமாக இருந்தன. இவர் முழங்காலில் இருந்து, கத்தியை ஆழமாக விட்டு, ஒரு தண்டின் அடியைக் கிளப்பினார். மண்ணோடு சேர்ந்து உடைந்த முட்டைக்கோது மாதிரி ஒரு வெள்ளைப் பை வந்தது. அந்தப் பைதான் அதன் அடையாளம். இவர் அதை மண்ணிலேயே விட்டு வெட்டியிருந்தார், சட்டிக்குள் மண் போகக்கூடாது என்று. மதாம் எதையும் மறைக்காமல் சொன்னார். அவித்தாலும் பொரித்தாலும் அதன் நஞ்சு போகாது. சாப்பிட்டவுடன் ஒன்றும் தெரியாது. பிறகு வயிற்றால் போகும், வாந்தி வரும். அதுவும் நின்று சுகமாகிவிட்டது என்று நினைக்கும்போது ஈரல் போய்க்கொண்டிருக்கும். இவர் கையிலிருந்த அந்த வெள்ளைப் பையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

திரும்பி வரும்போது காரில் பாட்டு இல்லை. பாலத்தில் சொன்னார்.

“இவ்வளவு காலம் குசினியில நிண்டவன். உமக்கு நஞ்சு சமைச்சுத் தரப் பாத்தன்.”

தரவில்லைதானே என்றேன். எனக்கு என் உயிர் தப்பியது கூட அப்போது பெரிதாகத் தெரியவில்லை. இவர் இனி அடுப்பைத் தொடமாட்டார் என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் பிரிட்ஜைக் கழுவினேன். காளான் இருந்த பையை இரண்டு பைக்குள் கட்டி எறிந்தேன், அணில் தின்றுவிடக்கூடாது. இவர் பிரிட்ஜ் கதவிலிருந்த படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கூடையை நிலவறைக்குக் கொண்டுபோய் வைத்தார். மகள் தொலைபேசியில் தமிழும் பிரெஞ்சும் கலந்து இருவரையும் திட்டித் தீர்த்தாள். இனிக் காட்டுக்குப் போவதில்லை என்று சத்தியம் கேட்டாள். இவர் உடனே செய்துகொடுத்தார். நான் போனை வைத்துவிட்டேன்.

மறுபடியும் கதிரை, மறுபடியும் பஸ் தரிப்பு. போட்டதைச் சாப்பிட்டார், நன்றி சொன்னார். மகளுக்கு அந்தக் காளானைப் பார்த்துப் பயம். எனக்கு இந்தக் கதிரையைப் பார்த்துப் பயம். காளானுக்குப் புத்தகம் இருக்கிறது, தாளில் வைத்துப் பார்க்கலாம், மதாமைக் கேட்கலாம். இதற்கு என்ன செய்வது?

புரட்டாசி முடிகிற சனியன்று கோயிலால் வந்து நேரே நிலவறைக்கு இறங்கிக் கூடையை எடுத்துவந்தேன். எங்கே என்று கேட்டார். இல்-பிசாருக்கு என்றேன். நீங்கள் இருங்கோ, நான் மெட்ரோவிலும் பஸ்சிலும் போய்க்கொள்வேன் என்றேன். இல்-பிசாருக்குப் போகிற பஸ் எப்போது வரும் என்று அந்தப் பஸ்காரனுக்கே தெரியாது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மகளுக்குச் சத்தியம் செய்தவர் நீங்கள்தான், நான் செய்யவில்லை என்றேன். திறப்பை எடுத்தார்.

இலையெல்லாம் கொட்டிக் காடு வெளிச்சமாக இருந்தது. இவர் கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு, தனக்கும் இந்தக் காட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்கிற மாதிரி பின்னால் வந்தார். நான் குனிந்து குனிந்து தேடினேன். ஒன்றையும் காணவில்லை. ஒரு பெரிய ஓக்கைத் தாண்டிப் போனபோது பின்னாலிருந்து சொன்னார், “நிண்டு திரும்பிப் பாரும்.”

வேரடியில் சாம்பலும் கபிலமுமாக, மடல் மடலாக, ஒரு பெரிய முட்டைக்கோவா அளவுக்கு ஒன்று இருந்தது. காய்ந்த இலைக் குவியல் என்று நினைத்து அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். நான் கத்தியை எடுக்க, வேண்டாம் என்று கையை நீட்டித் தடுத்தார். முழங்காலில் இருந்து, விரல்களாலேயே சுற்றி மண்ணைத் தோண்டி, அடியோடு கிளப்பினார். மண் அவர் முழங்கை வரை அப்பியிருந்தது. கவிழ்த்துப் பிடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். அடியில் மடிப்பு இல்லை, ஊசித்துளைகள் மட்டும். மணத்தைக் கேட்டார். மழை பெய்த மண், பழைய மரப்பெட்டி, கொஞ்சம் வறுத்த கோழி என்றேன்.

மதாமிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டு, மேலும் கீழும் புரட்டி, பிய்த்துப் பார்த்து, காட்டுக்கோழி என்று அர்த்தம் வருகிற ஒரு பிரெஞ்சுப் பெயரைச் சொன்னார். அந்த மரத்தடியில் வருஷா வருஷம் வருவதாம், சந்தேகமே வேண்டாமாம். இவர் இன்னொரு தரம் பார்க்கச் சொன்னார். அவர் பார்த்தார். மூன்றாம் தரமும் கேட்டார். மதாம் சிரிக்காமல் மூன்றாம் தரமும் பார்த்தார். அந்த மனுசிக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

காரில் ஏறியதும், நான் வாயைத் திறக்க முதல், “இண்டைக்குச் சனி. நாளைக்குத்தான்,” என்றார். பெயரே கோழி, இனி மச்சம் இல்லை என்று வாதாட முடியுமா என்று கேட்டேன். அவர் வாதாடாமல் காரைக் கிளப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் அவர் கைகளை முழங்கை வரை கழுவிக்கொண்டு குசினிக்குள் வந்தார். என்னை அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். காளானில் ஒரு துண்டை வெட்டிக் கடதாசியில் சுற்றி பிரிட்ஜில் வைத்தார். எதற்கு என்றேன். எங்களுக்கு ஏதும் நடந்தால் ஆஸ்பத்திரிக்காரர் பார்க்க வேண்டுமே என்றார், புதிதாகச் சாப்பிடுகிறவர்கள் அப்படித்தான் வைக்க வேண்டும் என்று மதாம் சொன்னாராம். பிறகு வெண்ணெயைச் சட்டியில் போட்டார். இப்ப என்ன மணம் என்றார். பால்சோறு மாதிரி என்றேன். இப்ப? கச்சான் கடலை வறுக்கிற மாதிரி. உடனே காளானைப் போட்டார். உள்ளியைப் போட்டதும் என் முகத்தையே பார்த்தார். பச்சை மணம், இன்னும் பச்சை, இன்னும், இப்ப போய்விட்டது என்று நான் சொல்லச் சொல்ல அவர் சட்டியை இறக்கினார். கருகவில்லை.

மேசையில் ஒரு கோப்பையில்தான் போட்டார். எனக்கு எங்கே என்றேன்.

“நான் முதல் சாப்பிடுறன். நாளைக்கு இந்த நேரம் எனக்கு ஒண்டுமில்லை எண்டால் நீர் சாப்பிடும்.”

முகத்தில் பகிடி இல்லை. கண் கலங்கியிருந்தது. புருஷன் சாப்பிட்ட பிறகு சாப்பிடுகிற வழக்கத்தை நான் கனடாவுக்கு வந்த கிழமையே விட்டுவிட்டேன், இப்போது ஒரு நாள் பிந்திச் சாப்பிடச் சொல்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது.

“நீங்கள் இல்லாத நாளைக்கு நான் இருந்து என்ன சாப்பிடுறது?”

அவர் கையிலிருந்த முள்ளுக்கரண்டியைப் பிடுங்கி, பெரிய துண்டாகக் குத்தி, வாயில் போட்டுக்கொண்டேன். சூடு நாக்கைச் சுட்டது. அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் மென்று விழுங்கிவிட்டு, முள்ளுக்கரண்டியைத் திருப்பிக் கொடுத்தேன். அவரும் ஒரு துண்டு எடுத்தார். மெல்ல மென்றார். என்ன மணம் என்று நான் சொல்லத் தொடங்க, கையைக் காட்டி நிறுத்தினார். இன்னும் கொஞ்சம் மென்றார். அவருடைய நெற்றி சுருங்கியது.

“உப்புக் காணாது,” என்று சொல்லிவிட்டு, உப்புப் போத்தலை எடுக்க அடுப்படிக்குப் போனார்.